கிரீடமா, சதங்கையா: பழைய 4:3 ஒளிப்பதிவை அகலத்திரைக்குக் கொண்டுவரும் வழிகள்

அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள ஊரொன்றின் கூத்துக் குழுவினர் என்னிடம் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தனர். ஒன்று, சவர்க்காரப் பெட்டியொன்றுக்குள் சுற்றி வைத்திருந்த மூன்று மினி டீவி (MiniDV எனும் சிறு டிஜிற்றல் ஒளிப்பதிவு) நாடாக்கள். 2006ஆம் ஆண்டு அரங்கேறிய வடமோடிக் கூத்தொன்றின் பதிவு அவற்றில் இருந்தது. மற்றையது, அதே கூத்தை அடுத்த தலைமுறையினர் அண்மையில் ஆடியபோது 4கே கமராவில் எடுத்த கோப்புகள். இரண்டையும் இணைத்து ஒரே படமாக்க வேண்டும், அதைக் கோயில் வீதியில் எல்ஈடி திரையில் காட்ட வேண்டும், வெளிநாட்டிலுள்ள உறவுகள் பார்ப்பதற்கு யூடியூப்பில் ஏற்ற வேண்டும், கைத்தொலைபேசிக்கென்று சிறு துண்டுகளும் வேண்டும் என்றனர். பழைய நாடாவின் படம் 4:3 (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு), புதிய கமராவின் படம் 16:9, குழுவின் இளைஞர் ஒருவர் விரும்பியதோ மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்ட 'சினிமாத் தோற்றம்'. இந்த மூன்று விகிதங்களையும் எப்படிச் சமாளிப்பது என்பதே இங்கு ஒப்பிடப்படும் விடயம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அழகு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு: இன்று செய்யும் மாற்றத்தை நாளை இன்னொருவர் திருப்பி எடுக்க முடியுமா? இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளின் திருமண ஆல்பங்களும் நாடாக்களும் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போய்விட்டன. அப்படியிருக்க, எஞ்சியதையும் அதற்குப் பின் எடுத்ததையும் நாமே கத்தரித்து எறிவதற்கு மிக வலுவான காரணம் இருக்க வேண்டும்.

முதலில் பழைய நாடாவைப் பார்ப்போம். சிக்கலின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

இலங்கையின் ஒளிபரப்பு பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் அமைந்தது என்பதால், இங்கு விற்கப்பட்ட மினி டீவி கமராக்களும் பெரும்பாலும் அதே முறையில் 720×576 பிக்சல்களாகவே பதிவுசெய்தன. 4:3 ஆக எடுத்தாலும் 16:9 ஆக எடுத்தாலும் எண்ணிக்கை அதே 720×576தான். பிக்சல் சதுரமாக இல்லாமல், முதல் வகையில் சற்றே அகன்றும் இரண்டாம் வகையில் நன்றாக அகன்றும் காட்டப்பட வேண்டும் என்பதை ஒரு சிறு குறிப்பு மட்டுமே மென்பொருளுக்குச் சொல்கிறது. அந்தக் குறிப்பு தவறினாலோ, மென்பொருள் அதைப் பொருட்படுத்தாவிட்டாலோ, ஆட்கள் மெலிந்தோ பருத்தோ தெரிவார்கள். முகங்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். மெலிந்த முகத்துக்கும் பருத்த முகத்துக்கும் கண் விரைவில் பழகிவிடும். வட்டமான பொருளொன்றைத் தேடிப் பிடிப்பதே நம்பகமான வழி. கூத்துப் பதிவில் அது எளிது. மத்தளத்துக்குப் பக்கத்தில் சல்லரி (வட்டமான கைத்தாளம்) போடுபவர் ஒரு கணம் அதன் முகத்தைக் கமராவுக்கு நேரே திருப்பிய இடத்தில் படத்தை நிறுத்தி, பள்ளிக்கூட அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தேன். உயரம் 47 மில்லிமீற்றர், அகலம் 44. சல்லரி நீள்வட்டமாக இருக்க முடியாது. ஆகவே தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் டைம்லைன்தான் பிக்சலைச் சதுரமாக எண்ணிக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 720 பிக்சல்களில் இரு ஓரங்களிலும் ஏழெட்டு பிக்சல்கள் உண்மையான படத்துக்கு வெளியே நிற்பவை. 4:3 என்ற வடிவம் ஏறத்தாழ நடுவிலுள்ள 704 பிக்சல்களுக்கே உரியது. 720ஐயும் அப்படியே 4:3க்குள் அடக்கினால் எல்லோரும் இரண்டு வீதத்துக்குச் சற்று மேல் மெலிந்து போவர். ஆதலால் பக்கத்துக்கு 8 பிக்சல் வெட்டி, எஞ்சும் 704×576ஐ 1440×1080 ஆகப் பெருப்பித்தேன். சல்லரி வட்டமானது. பெருப்பிக்கும் முன், ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிவாகியிருக்கும் படத்தை முழுப் படங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வரிசை மாறினால் வேகமான கால் அசைவில் சீப்புப் பல் போன்ற கோடுகள் அழியாமல் நின்றுவிடும். டீவி நாடாவில் கீழ்ப் புலம் (ஒன்றுவிட்ட கோடுகளாலான இரு பாதிப் படங்களில் கீழ்க் கோடுகளுக்குரியது) முதலில் வரும் என்பதையும் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்டக்காரர் தாளத்துக்கு ஆடாமல் நடுங்குவார். விநாடிக்கு 25 படங்களாகச் சுருக்காமல் 50 ஆக வைத்திருந்தால், சதங்கை கட்டிய காலின் மிதி நாடாவில் இருந்தபடியே வழுவழுப்பாக ஓடும்.

இனி, இந்த 4:3 படத்தை 16:9 சட்டகத்துக்குள் எப்படி வைப்பது? நடைமுறையிலுள்ள வழிகள் சில.

இழுத்து நிரப்புவது முதலாவது. படம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், கரப்புடுப்பு (கரப்புக் கூடை போல விரிந்து நிற்கும் கூத்துடை) அணிந்த ஆட்டக்காரர் கரப்பை விடவும் அகலமாகத் தெரிவார். நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் தொலைக்காட்சி அமைப்பும் உண்டு. அது கூத்துக்கு இன்னும் மோசம், ஏனெனில் வட்டமாகச் சுற்றி ஆடுபவர் ஓரத்துக்குப் போகும்போது பருத்து, நடுவுக்கு வரும்போது மெலிந்து, மீண்டும் பருப்பார். ஆனாலும் சீராக இழுத்த படத்துக்கு ஒரு நன்மை உண்டு: அகலத்தை 75 வீதமாகக் குறைத்தால் பழைய வடிவம் திரும்பிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்ரூடியோவில் டீவீடி ஆக்கக் கொடுத்த என் உறவினர் ஒருவரின் திருமண நாடா இப்படி இழுபட்டு வந்தது, மூல நாடாவும் திரும்பி வரவில்லை. அதை அந்த 75 வீதக் கணக்காலேயே மீட்டேன்.

மேலும் கீழும் வெட்டி நிரப்புவது இரண்டாவது. திரை முழுவதும் நிறையும், பார்ப்பவருக்குப் பழைய படம் என்ற எண்ணமே வராது. விலை என்னவென்றால், உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது: 576 கோடுகளில் 432தான் மிஞ்சும், அதை 1080க்கு இரண்டரை மடங்கு பெருப்பிக்க வேண்டியிருப்பதால் ஏற்கெனவே மென்மையான படம் மேலும் கலங்கும். கலங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை வெட்டுவது என்பதே கேள்வி. 2006இல் கமரா பிடித்தவர் தன் தொழில் தெரிந்தவர். ஆட்டக்காரரின் கிரீடத்தின் உச்சி முதல் பாதம் வரை சட்டகத்துக்குள் சரியாக அடங்குமாறே எடுத்திருந்தார். அந்தச் சட்டகத்தில் கால் பங்கை எடுத்தால் ஒன்று கிரீடம் போகும், அல்லது சதங்கை போகும். கிரீடம் முழுவதும் நிற்கும்படி வெட்டி ஒரு பகுதியைக் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் பார்த்திருப்பார். "என்ன மனே, ஆடுற காலக் காணல்லியே?" என்றார். அதன் பிறகு அந்த வழியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. வெட்டி ஏற்றுமதி செய்த கோப்பிலிருந்து அந்தக் காலை எவராலும் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் 14:9 என்றொரு சமரசம் இருக்கிறது. பிரித்தானியத் தொலைக்காட்சி 4:3இலிருந்து 16:9க்கு மாறிய காலத்தில் பிபிசி இதைப் பெரிதும் பயன்படுத்தியது. உயரத்தில் ஏழில் ஒரு பங்கை மட்டும் வெட்டி, பக்கங்களில் 120 பிக்சல் அகலத்துக்குக் கறுப்பை விடுவது. தலைக்கு மேல் வெறும் இருட்டு வானம் இருக்கும் இடங்களில் இது நன்றாகவே பொருந்துகிறது, பேட்டிகளுக்கும் பொருந்தும். கூத்தில் ஒவ்வொரு காட்சியாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால் வேலை இரட்டிப்பாகும், அத்துடன் பட்டையின் அகலம் காட்சிக்குக் காட்சி மாறுவது கண்ணை உறுத்தும்.

கடைசியாக, படத்தை நடுவில் முழுமையாக வைத்துப் பக்கத்துக்கு 240 பிக்சல் விடுவது. அந்த இடத்தைக் கறுப்பாக விடலாம், அல்லது அதே படத்தைப் பெருப்பித்து மங்கலாக்கி நிரப்பலாம். மங்கல் நிரப்பு இப்போது திருமண வீடியோக்களில் பரவலாக இருக்கிறது. வாடிக்கையாளர் 'திரை காலியாகக் கிடக்கிறது' என்று சொல்ல மாட்டார் என்பதே அதற்குள்ள ஒரே நியாயம். இரவுக் கூத்தில் அது பெருந்தொல்லை. பந்தலில் கட்டிய மின்குமிழ்களும் ஆட்டக்காரரின் பளபளப்பும் இரு பக்கமும் மங்கலாகத் துள்ளிக்கொண்டே இருக்க, நடுவில் ஆடுபவரைக் கண் தேட வேண்டியிருக்கும். கறுப்பு அமைதியாக இருக்கும். கோப்பின் அளவும் குறையும், ஏனெனில் மாறாத கறுப்புக்குக் குறிமுறையாக்கம் (படத்தைச் சுருக்கிக் கோப்பாக்குவது) ஏறத்தாழ ஒன்றும் செலவழிப்பதில்லை. என் தெரிவு கறுப்பே.

புதிய 4கே பதிவுக்கு வருவோம். அதற்கு 16:9 இயல்பான வடிவம். அந்த எண் தற்செயலாக வந்ததன்று. 1980களில் கேர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியியலாளர், அன்று வழக்கிலிருந்த பட வடிவங்களையெல்லாம் சம பரப்புள்ள செவ்வகங்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்து, அவை அனைத்துக்கும் பொதுவான எல்லை ஏறத்தாழ 1.77க்கு 1 என்று கண்டார். 4:3ஐக் குறிக்கும் 1.33ஐயும் அகலத்திரைச் சினிமாவான சினிமாஸ்கோப்பின் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் இதே எண்தான் வரும். அதாவது 16:9 என்பது 4:3க்கும் சினிமாஸ்கோப்புக்கும் நடுவே போடப்பட்ட ஒரு சமாதானம். இரு வகைப் படங்களும் சேரும் எங்கள் வேலைக்கு அந்தச் சமாதானம் உதவியது.

இளைஞர் கேட்ட சினிமாத் தோற்றம் 2.39:1. 1953இல் சினிமாஸ்கோப் வந்ததிலிருந்து வளர்ந்து நிலைபெற்ற வடிவம் அது. இன்றைய டிஜிற்றல் திரையரங்குகளின் 2கே அளவில் 2048×858. 1920 அகலத்தில் கணக்கிட்டால் உயரம் 803.3 வரும். பொதுவான நிறச் சுருக்க முறைக்கு அகலமும் உயரமும் இரட்டை எண்களாக இருக்க வேண்டும் என்பதால் 804 என்று கொள்வது வழக்கம். 803 என்று கொடுத்தால் பல குறிமுறையாக்கிகள் ஏற்றுமதியை ஆரம்பிக்கவே மறுக்கும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தையும் வாவியையும் எடுக்கும்போது 2.39 எவ்வளவு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. வாவி தானே அகலத்திரை. ஆனால் கிரீடமும் சதங்கையுமாக நிற்கும் ஓர் ஆட்டக்காரர் செங்குத்தான வடிவம். 1080 கோடுகளில் நின்றவரை 804 கோடுகளுக்குள் நிறுத்தினால் அவர் உயரத்தில் கால் பங்கு சிறுப்பார், இரு பக்கமும் வெற்றிடம் பெருகும், முகப்பூச்சின் கோடுகள் தெரியாமற் போகும். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் முழுவதும் தெரியும் தூரக் காட்சி ஒன்றிரண்டுக்கு மட்டுமே அந்த வடிவம் நியாயமானது. படத்தின் தொடக்கத்துக்கென்று அப்படியொரு காட்சியை இளைஞருக்கு விட்டுக்கொடுத்தேன்.

2.39ஐத் தெரிவுசெய்பவர்களுக்கும் ஒரு தீர்மானம் காத்திருக்கிறது: 1920×1080க்குள் மேலும் கீழும் 138 பிக்சல் கறுப்புப் பட்டையைப் படத்தோடு சேர்த்தே ஏற்றுமதி செய்வதா, அல்லது பட்டையின்றி 1920×804 என்றே கோப்பை உருவாக்குவதா? இங்கு பெரும்பாலானோர் முதலாவதைச் செய்கின்றனர், ஏனெனில் ஆயத்தப் பட்டைப் படமொன்றை மேல் தடத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அதன் விளைவைத் தொலைபேசியில்தான் பார்க்க வேண்டும். 2400×1080 பிக்சல் கொண்ட, கிடையாகப் பிடித்த தொலைபேசியில், பட்டையோடு கூடிய 16:9 கோப்பு 1920×1080 இடத்தை எடுக்கும். இரு பக்கமும் தொலைபேசி தன் கறுப்பைச் சேர்க்கும், மேலும் கீழும் நம் கறுப்பு ஏற்கெனவே இருக்கும். ஆக, படம் நான்கு பக்கமும் சட்டம் போட்ட மரணச் செய்தி போல நடுவில் 1920×804 அளவில் நிற்கும். பட்டையில்லாத கோப்போ அதே தொலைபேசியில் 2400×1005 வரை விரியும், பரப்பில் ஒன்றரை மடங்குக்கும் மேல். யூடியூப்பும் பட்டைகளைச் சேர்க்காமல் மூல வடிவத்திலேயே ஏற்றும்படிதான் சொல்கிறது; திரைக்கு ஏற்ற கறுப்பை அது தானே போட்டுக்கொள்ளும்.

பட்டையைச் சேர்ப்பதற்கு ஒரேயொரு நல்ல காரணம் உண்டு. மண்டபத்தில் பென்ட்ரைவைச் செருகி ஓடவிடும் கருவி எது என்று தெரியாதபோது, சில பழைய கருவிகள் வழக்கமில்லாத அளவைக் கண்டால் திரை நிறைய இழுத்துவிடும். 1920×1080ஐ எந்தக் கருவியும் குழப்பிக்கொள்ளாது. எனவே மண்டபத்துக்கென்று தனிக் கோப்பு, இணையத்துக்கென்று தனிக் கோப்பு என்பதே சரி. ஒரே கோப்பை எல்லா இடத்துக்கும் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறதே தவிர வேறொன்றும் இல்லை.

எல்ஈடி திரையின் கதை தனியானது. அது 16:9ஆக இருக்கும் என்று எண்ணுவதே முதற் பிழை. பலகைகளை அடுக்கிக் கட்டுவதால், வாடகைக்கு விடுபவர் எத்தனை பலகை கொண்டுவருகிறாரோ அதுவே விகிதம். எங்களுக்குக் கிடைத்தது அரை மீற்றர்ச் சதுரப் பலகைகள், அகலத்துக்கு ஆறும் உயரத்துக்கு நான்கும். ஒவ்வொன்றிலும் 128×128 புள்ளிகள். மொத்தம் 768×512, அதாவது 3:2. இந்தத் திரையில் 16:9 படம் 768×432 இடத்தை எடுக்கும், 2.39 படம் 768×321 மட்டுமே. ஆனால் 4:3 படம் 683×512 ஆக நிற்கும்: பரப்பில், பழைய நாடாவே புதிய 4கே படத்தை விடப் பெரிதாகத் தெரியும். அதே 4:3 படத்தைப் பக்கக் கறுப்போடு 16:9க்குள் அடைத்து அனுப்பியிருந்தால் அது 576×432 ஆகச் சுருங்கியிருக்கும். வாடகைக்காரரிடம் 'எத்தனை அடித் திரை' என்று கேட்பதை விட, 'குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி' என்று கேட்பது பயனுள்ளது. 768×432க்கு அப்பால் 4கேயின் கூர்மை அங்கே எதற்கும் உதவாது என்பதும் அப்போது விளங்கும்.

இதனால் வீதித் திரைக்கென்று 1620×1080 அளவில் தனி டைம்லைன் அமைத்தேன். பிரதான டைம்லைனின் ஒட்டுமொத்தத் தொகுப்பையும் அதற்குள் ஒரே துண்டாகப் போடாமல் காட்சிகளையே நகலெடுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் 4:3 காட்சிகள் தம் பக்கக் கறுப்பையும் சுமந்துகொண்டே வரும். மென்பொருளின் அளவுபொருத்தல் அமைப்பை 'முழுப் படமும் அடங்க' என்று வைத்தால் இரு வகைக் காட்சிகளும் தத்தம் உச்ச அளவில் வந்து உட்காரும். தமிழ் எழுத்துத் தலைப்புகளை மட்டும் புதிதாக இடம்மாற்ற வேண்டியிருந்தது.

செங்குத்துத் துண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4கே படத்தின் உயரம் முழுவதையும் எடுத்து 9:16ஆக வெட்டினால் 1215×2160 கிடைக்கும். தொலைபேசிக்குத் தேவையான 1080×1920க்கு அது தாராளம், தனி ஆட்டக்காரர் அந்த வடிவத்துக்குள் அச்சில் வார்த்தது போல நிற்பார். இருவர் எதிரெதிரே ஆடும் தருக்கக் காட்சி வந்தால் ஒருவர் வெளியே போய்விடுவார். மென்பொருள் தானாகப் பின்தொடரும் வசதியை நம்பினால் அது சில வேளை ஆட்டக்காரரை விட்டுப் பிற்பாட்டுக்காரரின் வெள்ளைச் சால்வையைப் பின்தொடர்கிறது. அத்தகைய காட்சிகளைக் கையால் நகர்த்த வேண்டும். பழைய நாடாவைச் செங்குத்தாக வெட்டவே கூடாது, அங்கே வெட்டுவதற்குக் கோடுகள் இல்லை. நிமிர்த்திப் பிடித்த தொலைபேசியில் 4:3 படம் வெட்டாமலே 1080×810 ஆக நிற்கிறது. 16:9 படமோ 607 கோடுதான். பழைய வடிவம் இங்கேயும் தன் பங்குக்கு வென்றுவிடுகிறது.

இறுதியில் கொடுத்தவை நான்கு. யூடியூப்புக்கு 1920×1080, விநாடிக்கு 50 படங்கள், பழைய பகுதிகளில் பக்கக் கறுப்போடு. இரு வகையும் மாறி மாறி வரும் ஒரே படத்துக்கு ஒரே சட்டகம்தான் இருக்க முடியும் என்பதால் அந்தக் கறுப்பை இங்கு ஏற்றுக்கொண்டேன். வீதித் திரைக்கு 1620×1080. தொலைபேசித் துண்டுகள், புதியன 9:16 ஆகவும் பழையன 4:3 ஆகவும். நான்காவது, எவரும் கேட்காதது: பழைய நாடாக்களிலிருந்து ஃபயர்வயர் (கமராவைக் கணினியோடு இணைக்கும் கம்பி) வழியாக எடுத்த டீவி கோப்புகள், 720×576 ஆக, வெட்டாமல், பெருப்பிக்காமல், ஒன்றுவிட்ட கோடுகளைக்கூட அப்படியே விட்டு, இரண்டு வன்தட்டுகளில். மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைற் என்பதால் மூன்று நாடாவும் சேர்ந்து நாற்பதுக்குள் அடங்கிவிட்டன. நாடாக்கள் அதே சவர்க்காரப் பெட்டிக்குள் திரும்பிப் போயின. பெட்டியின் மூடியில் 'பால், 4:3, கீழ்ப் புலம் முதல், நடு 704' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.